நானூற்று முப்பது கலோரிப் பொய்

"பக்கத்து வீட்டு விஷயம் நமக்கெதுக்கு?" என்று சொல்கிறவர்களை நான் நம்புவதே கிடையாது. சன்னல் திரையை ஒரு விரல் அகலம் ஒதுக்கி வைத்துக்கொண்டுதான் அதைச் சொல்வார்கள். நான் திரையே போட்டதில்லை. எதையும் நேராகப் பார்ப்பேன். பார்த்ததை யாரிடமாவது சொல்லாவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு செரிக்காது. எங்கள் குடியிருப்பில் என் பெயர் ரேடியோக்கா. நிறுத்தும் பொத்தான் இல்லாத ரேடியோ என்று என் தங்கை சொல்வாள். அவளுக்குப் பொறாமை.

மூன்றாம் மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கும் மேடம் இந்தத் தகுதிக்காகத்தான் என்னை உதவியாளராகச் சேர்த்துக்கொண்டார். மேடம் முன்பு எடையளவு ஆய்வாளர். கடை கடையாகப் போய்த் தராசையும் எடைக்கல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்தவர். இப்போது மனிதர்களைத் திருப்பிப் பார்க்கிறார். பேச்சு அளந்துதான் வரும். யாராவது மாட்டிக்கொண்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் எதிரே இருப்பவருக்கு வியர்க்கும். அதை வேடிக்கை பார்க்க எனக்கு ரொம்பப் பிடிக்கும். அந்தப் புதன்கிழமை வரைக்கும் பிடித்தது.

காலை பத்து மணி. படியில் யாரோ ஏறி வரும் சத்தம்.

"ரெண்டாம் மாடி பஸ் டிரைவர், மேடம்," என்றேன். "முன்னெல்லாம் ரெண்டு ரெண்டு படியா தாவுவார். இப்ப ஒவ்வொரு படியிலயும் நின்னு யோசிக்கிறார்."

கதவு திறந்தது. டிரைவர்தான். சீருடையில் இருந்தார். சட்டையின் மூன்றாவது பொத்தான் உயிரைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. கையில் ஒரு பழுப்பு உறை.

"நான் திருடன் இல்லைங்க," என்றார், உட்காருவதற்கு முன்பே.

"யாரும் அப்படிச் சொல்லலையே," என்றார் மேடம்.

"சொல்றா. வீட்ல."

கதை வெளியே வந்தது. மூன்று மாதத்துக்கு முன்னால் டிப்போ டாக்டர் ரத்தத்தில் சர்க்கரை அதிகம் என்று சொல்லியிருக்கிறார். மூன்று மாதம் கெடு. அதற்குள் சர்க்கரை இறங்காவிட்டால் பஸ் கிடையாது, பணிமனையில் டயர் கழுவும் வேலைதான். கெடு முடிவது வரும் வெள்ளிக்கிழமை. போன வாரம் பார்த்தபோது சர்க்கரை இறங்கவில்லை, ஏறியிருந்தது.

"காலையிலயும் ராத்திரியும் அவ அளந்து போடறதுதாங்க. மத்தியானம் டிப்போ எதிர்ல இருக்கற கிண்ணக் கடை. லைட் கிண்ணம். நானூத்து முப்பது கலோரின்னு சுவர்ல ஆளுயரத்துக்கு எழுதி வெச்சிருக்கான். அது ஒண்ணுதான். டீயில கூட சர்க்கரை போடறதில்ல. ரேடியோக்கா, நீங்களே சொல்லுங்க, நான் அப்படிப்பட்ட ஆளா?"

நான் கூரையில் ஓடாத மின்விசிறியைப் பார்த்தேன்.

"வீட்ல சொன்னீங்களா?" மேடம்.

"சொன்னேன். 'கிண்ணத்துல சாப்பிடறீங்களா, அண்டாவுலயா?'ங்கறா. மூணு வாரமா முகம் குடுத்துப் பேசறதில்ல. சமையலறை அலமாரிக்குப் பூட்டு போட்டுட்டா. அறுபது பேர் என்னை நம்பி பஸ்ல கண்ணை மூடித் தூங்கறாங்க. இவ பிஸ்கட் டப்பாவை நம்பிக் குடுக்க மாட்டேங்கறா."

மூன்று வாரம் என்றதும் எனக்குள் ஏதோ சுருக்கென்றது. சரியாக மூன்று வாரத்துக்கு முன்னால்தான் மாடிப்படியில் டிரைவர் மனைவியைப் பார்த்தேன். "உங்க வீட்டுக்காரர் கன்னம் ரெண்டும் பளபளன்னு ஆயிட்டு வருதே. எங்கயோ நல்ல கவனிப்பு போல," என்றேன். சும்மா ஒரு பேச்சுக்கு. சொல்லிவிட்டுத் தக்காளி விலைக்குப் போய்விட்டேன். அவள் மட்டும் அந்த வாக்கியத்தோடு வீட்டுக்குப் போயிருக்கிறாள்.

டிரைவர் உறையை மேசைமேல் வைத்தார். "கடையோட தலைமை ஆபீஸுக்கு எழுதிப் போட்டேன். உங்க கலோரிக் கணக்கு சரிதானான்னு. பதிலுக்கு இதை அனுப்பிட்டான். எங்க அளவு சுத்தம், நீங்கதான் வாயைக் கட்டணும்னு மரியாதையா எழுதியிருக்கான்."

மேடம் பிரித்தார். உள்ளே பதினோரு அறிக்கைகளின் நகல்.

"ரகசிய வாடிக்கையாளர் அறிக்கை," என்று படித்தார். "மாசத்துக்கு ஒரு தடவை சாதாரண ஆள் மாதிரி ஒருத்தரை அனுப்பறாங்க. அவங்க யாருன்னு கடைக்காரங்களுக்குத் தெரியக் கூடாது. வாங்கி, எடை போட்டு, படிவத்துல எழுதி அனுப்பணும். லைட் கிண்ணம் முந்நூத்து எண்பது கிராம் இருந்தா நானூத்து முப்பது கலோரி. முதல் மாசம் முந்நூத்து எண்பது. அடுத்தது முந்நூத்து எழுபத்தொன்பது. அடுத்தது எண்பத்தொண்ணு. பதினோரு மாசமும் சுத்தம். எல்லாத்துலயும் ஒரே கையெழுத்து. வாடிக்கையாளர் எண் பதினேழு."

அடுத்த தாளைத் திருப்பினார். படித்தார். இன்னொன்றைத் திருப்பினார். ஓரக்கண்ணால் எதிர்த் தெருக் கடிதத்தையே படித்துவிடுகிற எனக்கு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு காகிதத்தை எட்டிப் பார்க்கப் பிடிக்கவில்லை. மடியில் இருந்த கைப்பையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

மேடம் தாள்களை மடித்து உறைக்குள் வைத்தார். டிரைவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"கிண்ணத்துக்கு மூடி உண்டா?"

"உண்டுங்க. காகித மூடி."

"மூடுமா?"

டிரைவர் யோசித்தார். "அந்தம்மா உள்ளங்கையால ஒரு அமுக்கு அமுக்கித்தான் குடுப்பாங்க. திறந்தா மூடியில பாதி சாஸ் ஒட்டியிருக்கும். அதையும் வழிச்சுச் சாப்பிட்டுருவேன்." உடனே குரல் இறங்கியது. "அது தப்புங்களா?"

"இல்ல. சாயங்காலம் டியூட்டி முடிஞ்சு வாங்க."

டிரைவர் இறங்கிப் போனார். ஒவ்வொரு படியாக. அவர் போன பிறகு மேடம் என்னைப் பார்த்தார்.

"ரேடியோக்கா, உங்களுக்கு அந்தக் கடை தெரியுமா?"

"யாருக்குத்தான் தெரியாது, மேடம்? பச்சைக் கலர் போர்டு. வாசல்ல இலை படம். உள்ள இலையைத் தவிர எல்லாம் இருக்கும்."

"வேற ஏதாவது சொல்றதுக்கு இருக்கா?"

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். நாள் முழுக்கத் திறந்தே இருக்கும் வாய். "இல்ல மேடம்," என்பதற்கு மட்டும் திறந்தது.

*

பன்னிரண்டரை மணிக்குக் கடை எதிரே பஸ் நிறுத்தத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். மேடத்தின் மடியில் உள்ளங்கை அளவு மின்தராசு. சாலைக்கு அந்தப் பக்கம் கண்ணாடிச் சுவருக்குள் வரிசை நகர்வது தெரிந்தது. எல்லார் கையிலும் தட்டு. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சோறு, அவித்த பயறு, வாட்டிய காய்கறி, கோழித் துண்டு, வெள்ளைச் சாஸ் என்று வரிசையாகத் தொட்டிகள். காகிதத் தொப்பி போட்ட ஒரு பெண்மணி கரண்டியும் கையுமாக நின்றாள். மேலே சுவரில் கொட்டை எழுத்தில்: லைட் கிண்ணம், 430 கலோரி. குறையாத சுவை, கூடாத எடை.

"ரெண்டு பேரும் தனித்தனியா போவோம்," என்றார் மேடம். "ஒரே கிண்ணம். பார்சல். நீங்க முதல்ல."

"எனக்கு இன்னிக்கு வயிறு ஒரு மாதிரி இருக்கு, மேடம்."

"கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயிறுன்னு நேத்துதான் சொன்னீங்க."

"அது நேத்து."

"சாப்பிடச் சொல்லல. வாங்கிட்டு வரச் சொன்னேன். உள்ள போய் யார்கிட்டயும் கதை பேசாதீங்க."

"கதை பேசாம எப்படி மேடம் ஒரு பொருள் வாங்கறது?"

மேடம் கடையைக் கை காட்டினார். நான் சாலையைக் கடந்தேன். வண்டி ஏதாவது லேசாக மோதினால் கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. எல்லா ஓட்டுநர்களும் அன்றைக்கென்று ஒழுங்காக நிறுத்தி வழிவிட்டார்கள்.

உள்ளே நடந்ததைக் கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன். கையில் இருக்கும் ஒரு செய்தியை நான் தள்ளிப்போடுவது இதுவே முதல் தடவை, மன்னிக்க வேண்டும்.

ஆறு நிமிடத்தில் திரும்பி வந்தேன். மேடம் வெற்றுக் கிண்ணத்தின் எடையைக் கழித்துவிட்டுத் தராசில் வைத்தார்.

முந்நூற்று எண்பத்தொன்று.

மூடியைத் திறந்தார். உட்புறம் வெள்ளை வெளேரென்று சுத்தமாக இருந்தது. சாஸுக்கும் மூடிக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.

"பாத்தீங்களா மேடம்!" என் குரல் எனக்கே கூடுதல் உற்சாகமாகக் கேட்டது. "அளவு சுத்தம். டிரைவர்தான் எங்கயோ கை வெக்கிறார். ஆம்பளைங்க எல்லாம் அப்படித்தான். எங்க வீட்டுக்காரர் இருந்த காலத்துல உப்பு டப்பாவுக்குள்ள மிட்டாய் ஒளிச்சு வெச்சிருந்தார்."

சொல்லி முடிக்கும்போதே மேல்சட்டைப் பொத்தானோடு போராடிய அந்த மனிதர் கண்முன் வந்து நின்றார். அது தப்புங்களா என்று கேட்டவர். நாக்கைக் கடித்துக்கொண்டேன். தாமதமாக.

"நான் போய்ட்டு வரேன்," என்று மேடம் எழுந்தார்.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வரிசையில் மேடத்துக்கு முன்னால் நான்கு பேர். மேடம் தொட்டிகளைப் பார்க்கவில்லை, தொப்பிக்காரம்மாவின் தலைக்கு மேலே எதையோ பார்த்தார். முறை வந்தபோது இரண்டு வார்த்தை பேசினார். தொப்பிக்காரம்மா சிரித்தாள். உள்ளங்கையால் மூடியை ஒரு அமுக்கு அமுக்கினாள்.

மேடம் வந்து அந்தக் கிண்ணத்தைத் தராசில் வைத்தார்.

ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

மூடியைத் திறந்தார். வெள்ளையடித்த சுவர் மாதிரி சாஸ்.

"நூத்து முப்பது கிராம் அதிகம்," என்றார். "பாதி சோறு, பாதி சாஸ். எழுநூத்தம்பது கலோரிக்குக் குறையாது. மூணு மாசமா அந்த மனுஷன் பத்தியம்னு நினைச்சு விருந்து சாப்பிட்டிருக்கார். ஒரே கடை, ஒரே கிண்ணம், பத்து நிமிஷ இடைவெளி. உங்களுக்கு ஒரு அளவு, எனக்கு ஒரு அளவு. ஏன் ரேடியோக்கா?"

"உங்களைப் பாத்தா பாவமா இருந்திருக்கும். ஒல்லியா இருக்கீங்கல்ல."

"எனக்கு முன்னாடி நின்ன நாலு பேர்ல ஒருத்தர் குண்டு. நாலு பேருக்கும் பெரிய கரண்டிதான். அந்தம்மா தலைக்கு மேல கம்பியில ஒரு சின்னக் கரண்டி தொங்குது. கைப்பிடியில நீல டேப். அதுலேர்ந்து சாஸ் சொட்டிக்கிட்டு இருந்துச்சு. அப்ப, கொஞ்சம் முன்னாடிதான் யாரோ ஒருத்தருக்காக அது இறங்கி ஏறியிருக்கு."

"ஓ," என்றேன்.

"'அது எதுக்குத் தொங்குது?'ன்னு நேராவே கேட்டேன். மறைக்கத் தெரியாத பொம்பளை. 'அது செக் பண்ண வரவங்களுக்கும்மா, உங்களுக்கு இல்ல, கவலைப்படாதீங்க, நீங்க வயிறார சாப்பிடுங்க'ன்னு சொன்னாங்க."

ஒரு பஸ் வந்து நின்றது, போனது. மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஊதித் தலைப்பில் துடைத்தார். நான் அனிச்சையாகத் திரும்பி, எதிரே யாருக்கு வியர்க்கிறது என்று தேடினேன்.

பெஞ்சில் என்னைத் தவிர யாரும் இல்லை.

*

மேடம் உறையிலிருந்து தாள்களை எடுத்தார்.

"படிவத்துல கடைசியா 'வேறு குறிப்புகள்'னு ஒரு கட்டம். ஆய்வாளரா இருந்தப்ப இப்படி ஆயிரம் படிவம் பாத்திருக்கேன். எல்லாரும் அதுல ஒரு கோடு போட்டுட்டுப் போயிடுவாங்க. பதினேழாம் எண் கோடு போடல. படிக்கட்டுமா?"

"வேணாம் மேடம்."

படித்தார். "'மூன்றாம் மாதம். கழிப்பறை சுத்தம், சோப்பு உண்டு. மேலாளர் மீசைக்குச் சாயம் அடிக்க ஆரம்பித்திருக்கிறார். காரணம் தெரியவில்லை, விசாரித்து எழுதுகிறேன்.' அடுத்தது. 'நான்காம் மாதம். சேவை விரைவு. காரணம் தெரிந்தது, பக்கத்து மருந்துக் கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பெண்.' ஏழாம் மாசம். 'மீசை பழையபடி வெளுத்துவிட்டது. மருந்துக் கடையில் இப்போது வேறு பெண்.'"

தாளை மடித்தார்.

"நமக்குத் தெரிஞ்சவங்கள்ல இப்படி எழுதறவங்க எத்தனை பேர்?"

இத்தனை வருடம் ஊர் வாயைத் திறந்து பார்த்தவள் நான். என் வாய் திறக்கும்போது சத்தம் இவ்வளவு சின்னதாக வரும் என்று எனக்கே தெரியாது.

"நான்தான் மேடம் பதினேழு."

"காலையிலயே தெரியும்."

"அப்ப ஏன்..."

"மத்தவங்க தானா சொல்றதுக்கு நான் அஞ்சு நிமிஷம் குடுப்பேன். உங்களுக்கு ரெண்டரை மணி நேரம் குடுத்தேன்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். வாயடித்துச் சமாளித்திருப்பேன். அந்த இரண்டரை மணி நேரம்தான் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது.

எல்லாவற்றையும் சொன்னேன். மேடத்திடம் சேர்வதற்கு முன்பே இந்த வேலையில் சேர்ந்திருந்தேன். மாதம் ஒரு நாள், ஒரு கிண்ணம், ஒரு படிவம். பார்த்ததை எழுதி அனுப்பச் சொல்லி ஒரு வேலையா என்று மலைத்துப்போனேன், எனக்காகவே செய்த மாதிரி. ஒரே நிபந்தனை, நான் யார் என்று யாருக்கும் சொல்லக் கூடாது. முப்பத்து நான்கு நாள் சொல்லாமல் இருந்தேன். எங்கள் பரம்பரையிலேயே அது சாதனை.

இரண்டாம் மாதம் போனபோது கடையில் கூட்டம் இல்லை. தொப்பிக்காரம்மா என் எதிரே வந்து உட்கார்ந்தாள். வீட்டுக்காரர் விட்டுப் போய் ஒரு வருடம் ஆகிறது என்றாள். வேலை இடத்தில் யாருக்கும் தெரியாது, அவர் வெளியூரில் இருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன், உங்களிடம்தான் முதலில் சொல்கிறேன் என்றாள். இன்றுவரை அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மேடத்திடம் சொன்னதுதான் முதல், இப்போது உங்களிடம். அவ்வளவு பெரிய விஷயத்தை ஒருத்தி கையில் கொடுத்தால் பதிலுக்கு ஏதாவது கொடுக்க வேண்டாமா? என்னிடம் சொந்தமாக ஒரு ரகசியமும் இல்லை. எல்லாம் ஊரார் ரகசியம். இது ஒன்றுதான் என்னுடையது. கொடுத்துவிட்டேன்.

"கரண்டி மாறினது உங்களுக்குத் தெரியுமா?" என்றார் மேடம்.

அவர் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். கேட்காமல் விட்டுவிடுவார் என்று நம்பியிருந்தேன்.

"அஞ்சாம் மாசம் பாத்தேன். என்னைப் பாத்ததும் கம்பியிலேர்ந்து அந்தக் கரண்டி இறங்குச்சு."

"எழுதல."

"எழுதல."

"மீசைச் சாயம் எழுதினீங்க."

"ஆமா மேடம்."

எழுதினால் தொப்பிக்காரம்மாவுக்கு வேலை போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி அதுதான். மீதிப் பாதி, அவளுக்கு என்னைத் தெரியும் என்று கம்பெனிக்குத் தெரிந்தால் என் பதினேழாம் எண் போகும். மாதம் ஒரு நாள் அந்தப் படிவத்தை நிரப்பும்போது மட்டும்தான் நான் சொல்வதை யாரோ கோப்பில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். மற்ற நாளெல்லாம் படியில் நின்று கேட்டுவிட்டு, கேட்கவில்லை என்ற மாதிரிப் போகிறார்கள்.

"இன்னிக்கு உள்ள என்ன பண்ணீங்க?"

தள்ளிப்போட்டிருந்தேனே, அது இதுதான். வரிசையில் நின்றபடி தொப்பிக்காரம்மாவுக்குக் கண்ணைக் காட்டினேன். பெரிய கரண்டியில் போடு, எல்லாருக்கும் போடுகிற மாதிரிப் போடு என்று. என் கிண்ணமும் கனமாக இருந்தால், என்னையும் மற்றவர்களையும் ஒரே மாதிரி நடத்துகிறார்கள் என்று ஆகிவிடும், பதினேழாம் எண் பக்கம் யாரும் வரமாட்டார்கள் என்று என் மூளை கணக்குப் போட்டது. அவளோ என் கண்ணசைவைப் பார்த்துப் பயந்துவிட்டாள். மேலதிகாரி யாரோ பின்னாலேயே வருகிறார் என்று நினைத்து, சின்னக் கரண்டியை எடுத்து, சோற்றின் மேட்டைக் கத்தியால் வழித்துச் சமப்படுத்தி, இரண்டு பருக்கையைத் திருப்பித் தொட்டியில் போட்டாள்.

மேடத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். எனக்கு அழுகை வந்தது. அடக்கத் தெரியவில்லை.

"தப்பை ஆரம்பிச்சது மேலாளர்," என்றார் மேடம், என் பக்கம் பார்க்காமல். "அளவு கம்மியா இருக்குன்னு புகார் வந்திருக்கு, அதையும் அந்தம்மாவே சொன்னாங்க. பெரிய கரண்டி வாங்கிட்டார். போர்டை மாத்தினா லைட் கிண்ணம் விக்காதுன்னு போர்டை விட்டுட்டார். அந்தம்மா சொன்னதைச் செய்யறவங்க. ஆனா தலைமை ஆபீஸ் கண்ணுக்கு எல்லாம் சுத்தமா தெரிஞ்சது உங்களாலதான். டிரைவர் மாதிரி இன்னும் எத்தனை பேர் அந்தச் சுவரைப் படிச்சுட்டு சாப்பிடறாங்களோ."

சாலைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். வெள்ளை உடுப்பில் ஒரு நர்ஸ் போர்டை அண்ணாந்து படித்துவிட்டு உள்ளே போனாள்.

"இப்ப என்ன பண்ணணும் மேடம்?"

"நான் எடை போட்டுக் குடுத்தா அது ஒரு துப்பறியறவளோட சீட்டு. கம்பெனி தூக்கிப் போட்டுடும். டாக்டரும் நம்ப மாட்டார். கம்பெனி பதினோரு மாசமா ஒருத்தர் வார்த்தையைத்தான் வேதமா வெச்சிருக்கு. பன்னெண்டாவது படிவம் உங்க பையிலதானே இருக்கு?"

"எப்படித் தெரியும்?"

"காலையிலேர்ந்து பையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க. அதுல வேற எதுவும் இவ்வளவு கனமா இருக்காது."

*

மூன்று மணிக்கு இரண்டாம் மாடிக் கதவைத் தட்டினேன். ஒரு கையில் இரண்டு கிண்ணம், இன்னொரு கையில் மேடத்தின் தராசு. மேடம் வரவில்லை. "இது நீங்க எடை போட வேண்டியது," என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

டிரைவரின் மனைவி திறந்தாள். "வாங்கக்கா. என்ன, விசேஷமா செய்தி ஏதாவது?"

எப்போதும் அப்படித்தான் கேட்பாள். அன்றைக்கு அது கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

சமையலறை மேசையில் தராசை வைத்தேன். அலமாரியில் பித்தளைப் பூட்டு தொங்கியது. சாவி அவள் இடுப்பில். முதல் கிண்ணத்தை வைத்தேன், அவளே எண்ணைப் படித்தாள். இரண்டாவதை வைத்தேன், படித்தாள். இரண்டாவது மூடியைத் திறந்து சாஸைப் பார்த்தாள்.

"இது என்னக்கா?"

"இதுதான் உங்க வீட்டுக்காரர் தினமும் சாப்பிடற லைட் கிண்ணம். அவர் வேற எங்கயும் எதுவும் சாப்பிடல."

கரண்டிக் கதையைச் சொன்னேன். தொப்பிக்காரம்மாவின் சொந்த விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு, பதினேழாம் எண் யார் என்பதுவரை சொன்னேன். படியில் நான் சொன்ன கன்னப் பேச்சு வெறும் வாய்ப் பேச்சு, எனக்கு எதுவும் தெரியாது, எதையும் பார்க்கவில்லை என்றும் சொன்னேன். இடையில் ஒரு தடவை கூட அவள் "அப்புறம்?" என்று கேட்கவில்லை. "அப்புறம்?" இல்லாமல் ஒரு கதையைச் சொல்லி முடிப்பது எவ்வளவு சிரமம் என்று அன்றுதான் தெரிந்தது.

அலமாரிப் பூட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"தலையில அடிச்சு சத்தியம் பண்ணார்க்கா," என்றாள். "முப்பது வருஷமா கூட இருக்கறவர் சொன்னதை நம்பல. நீங்க படியில நின்னு சொன்னதை நம்பினேன்."

திட்டாமலேயே கொல்லத் தெரிந்தவர்கள் எங்கள் குடியிருப்பில் ரொம்பப் பேர் இருக்கிறார்கள் போல.

கைப்பையிலிருந்து படிவத்தை எடுத்து அந்த மேசையிலேயே வைத்து நிரப்பினேன். லைட் கிண்ணத்தின் எடை: 512 கிராம். எனக்குக் கொடுத்த கிண்ணம்: 381. ஒன்பதாம் கேள்வி: உங்களை ஊழியர்கள் அடையாளம் கண்டுகொண்டார்களா? பதினோரு மாதமும் "இல்லை" என்று டிக் அடித்த கட்டம். "ஆம்" என்று டிக் அடித்தேன். ஆம் எனில், எவ்வாறு? புள்ளி வைத்த கோடு ஒன்று காலியாக இருந்தது. "நானே சொன்னேன். அந்தப் பெண் மேல் தவறில்லை" என்று எழுதினேன். கரண்டி, கம்பி, நீல டேப், மேலாளரின் உத்தரவு என்று எல்லாவற்றையும் எழுதினேன். எந்த மாதத்திலிருந்து எனக்குத் தெரியும் என்பதையும்.

கடைசியில் வேறு குறிப்புகள் என்ற கட்டம் வந்தது. பேனாவைக் கொஞ்ச நேரம் அதன்மேல் பிடித்திருந்தேன். ஒரு கோடு போட்டேன்.

"மேடம் இதைக் கம்பெனிக்கு அனுப்பறாங்க. நகலை வெள்ளிக்கிழமை நானே டாக்டர்கிட்ட கொண்டு போறேன்," என்றேன். "ஒரு மாசம் தவணை கேக்கலாம்னு மேடம் சொன்னாங்க. குடுப்பாரான்னு தெரியல. டாக்டர் எங்கிட்ட என்ன கேட்டாலும் சொல்வேன்."

அவள் இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள். பூட்டைத் திறந்தாள். பூட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

அப்போது படியில் காலடிச் சத்தம். ஒவ்வொரு படியாக, நின்று நின்று. டியூட்டி முடிந்து வருகிறார். மேடத்தைப் பார்க்க மூன்றாம் மாடிக்குப் போகவேண்டியவர். அவள் எனக்கு முன்னால் போய் வாசல் கதவை அகலத் திறந்துவிட்டாள்.

டிரைவர் படியில் நின்றார். மனைவியைப் பார்த்தார். அவள் கையில் இருந்த பூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

நான் படிவத்தையும் தராசையும் எடுத்துக்கொண்டு மேடத்திடம் போக மேலே ஏறினேன். பின்னால் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அந்தக் கதவின் மரம் மெல்லியது. மூன்றாவது படியில் சுவரோரமாக நின்றால் உள்ளே ஊசி விழுந்தாலும் கேட்கும், எத்தனையோ தடவை நின்றிருக்கிறேன்.

மூன்றாவது படி வந்தது. நிற்காமல் ஏறினேன்.

உள்ளே என்ன பேசிக்கொண்டார்கள் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது.